இமயமலைத் திருத்தலப் பயணம்

பாரத நாட்டின் வடவெல்லையில் வெண்பனி மூடிய முடிகளோடு நீண்டு கிடப்பது இமயமலை. கங்கையும் யமுனையும் பிறக்கும் அம்மலைப்பகுதியில், உத்தராகண்ட மாநிலத்தில், நான்கு திருத்தலங்கள் சிறப்புற்று விளங்குகின்றன. யமுனைக்கு உரிய யமுனோத்திரி, கங்கைக்கு உரிய கங்கோத்திரி, சிவபெருமானுக்கு உரிய கேதாரநாதம், திருமாலுக்கு உரிய பதரிநாதம் என்பன அவை. இந்நான்கும் கடல் மட்டத்திற்கு 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளன. அவற்றுள் கேதாரம் 3,583 மீட்டர் உயரமுடையது. நம் உதகமண்டலம் சற்றேறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தலங்களின் உயரம் எத்தகையது என்பது விளங்கும்.

இத்தலங்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதாரத்தைப் பாடியுள்ளனர். திருமங்கையாழ்வார் வதரியைப் பாடியுள்ளார். முதுமை வந்து உடல் தளர்ந்து கோலூன்றி நடக்கும் காலம் வருவதற்கு முன்பே வதரிக்குச் சென்று வணங்குவோம் என்பது அவர்தம் பதிகம் ஒன்றின் கருத்தாகும். ‘போகலாம், போகலாம்’ என்று நாளைக் கடத்தி, உடல்வலி குன்றிய பின்னர்ப் புறப்படுவார் பலர். அவர்க்கு ஆழ்வார் வாக்கு என்றும் பொருந்துவதாகும். பதரியில் பூசை செய்யும் தலைமை அருச்சகர் கேரள நாட்டு நம்பூதிரி மரபினர். கேதாரத்தின் தலைமைப் பொறுப்பினர் கருநாடக நாட்டு வீரசைவ மரபினர். தென்னாட்டுக்கும் வடமலைக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு இன்றளவும் அறாது வருகின்றது.

முன்னாளில் இத்தலங்களுக்குச் செல்வோர் ரிஷிகேசத்திலிருந்தே கால்நடையாகப் புறப்பட்டனர். ஆற்றங்கரையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் நாளொன்றுக்குச் சில காதம் நடப்பர். பொழுது சாயும் வேளையில் வழியில் உள்ள ஒரு தங்கிடத்தை அடைந்து, சமைத்து உண்டு, இரவு உறங்கி, விடியலில் மீண்டும் நடப்பர். அத்தங்கிடங்களுக்கு அந்நாட்டு மொழியில் ‘சட்டி’ என்று பெயர். ஜானகிசட்டி, ஹனுமான்சட்டி என்னும் ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் வழங்குகின்றது. நம் அடுக்களைச் சட்டிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இவ்வாறு நடந்து நடந்து கோயிலை அடைவதற்குப் பல வாரங்கள் கழிந்துவிடும்.

இந்நாளில் நிலைமை வேறு. வண்டிப்பாதை பதரிக் கோயிலின் அருகு வரையிலும், கங்கோத்திரிக் கோயிலின் அருகு வரையிலும் சென்றுள்ளது. கேதாரத்திற்குச் செல்வோர் கௌரிகுண்டம் வரையில் வண்டியில் செல்லலாம். அதன்மேல் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடக்க இயலாதார் மட்டக்குதிரையின்மீதும், நால்வர் சுமக்கும் டண்டியிலும் செல்கின்றனர். ஹெலிகாப்டரில் ஏறுவோர், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றனர். வழியின் துன்பம் குறைந்தது மெய்தான். ஆயினும், பழைய மெதுநடையில் மறைந்திருந்த ஒரு காப்பும் அதனோடு குறைந்துபோயிற்று. அக்காப்பு யாது என்பதை உணர்ந்து, அதனை மீண்டும் தம் பயணத்தில் சேர்த்துக்கொள்வதே திட்டமிடுவோர் முதற்கண் செய்யத்தக்கது.

மலைமீது செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. காற்றில் ஐந்தில் ஒரு பங்காகிய பிராணவாயுவின் விகிதம் எவ்விடத்தும் மாறுவதில்லை. ஆனால் காற்றே நெகிழ்ந்து விடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் பிராணவாயுவின் அளவு குறைகின்றது. கேதாரத்தின் உயரத்தில், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே ஒருவர்க்குக் கிடைக்கும். மனித உடல் இக்குறையைத் தாங்கப் பழகிக்கொள்ளும் ஆற்றல் உடையது. மூச்சு விரைந்து இயங்கும். நெஞ்சம் விரைந்து துடிக்கும். குருதியும் நாளடைவில் புதுநிலைக்கு ஏற்ப மாறும். ஆனால் இம்மாற்றங்கள் ஒரு பகலில் நிகழ்வன அல்ல. பல நாள் வேண்டுவன. சட்டிதோறும் தங்கித் தங்கி ஏறிய முன்னோர்க்கு அந்நாள்கள் தாமாகவே வாய்த்தன. விரைந்து ஏறுவோர்க்கு அவை வாய்ப்பதில்லை.

உடல் பழகுமுன் உயரத்தை அடைந்தோர்க்கு மலைநோய் தோன்றுகின்றது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், உறக்கமின்மை என்பன அதன் தொடக்கக் குறிகள். 2,500 மீட்டருக்கு மேல் எவர்க்கும் இது வரலாம். இளைஞர், முதியர் என்றோ, வலியர், மெலியர் என்றோ அது பார்ப்பதில்லை. உடல்வலி மிக்க இளைஞர் சிலர், அவ்வலியை நம்பி விரைந்து ஏறி, முதியோரினும் முன்னதாக நோயுறுவதும் உண்டு. தொடக்கக் குறிகள் தோன்றியபோது மேலும் ஏறாமல் அவ்விடத்திலேயே தங்கி இளைப்பாறினால், பெரும்பாலோர்க்கு ஓரிரு நாளில் நோய் தணியும். குறிகளைப் பொருட்படுத்தாது ஏறினால், நுரையீரலில் நீர் கோத்தலும், மூளை வீங்குதலும் நேரக்கூடும். அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுதல், ஓயாத இருமல், குடித்தவர் போல நடை தள்ளாடுதல், பேச்சுத் தடுமாறுதல் என்பன கொடிய குறிகள். அந்நிலையில் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. பிராணவாயு அளித்து, உடனே துணையோடு கீழே இறக்குதல் வேண்டும். கீழிறங்குதலே அந்நோய்க்கு முதல் மருந்து.

3,000 மீட்டருக்கு மேல், நாள்தோறும் இரவில் தங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டிச் செல்வதும், மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் தங்குவதும் நன்று என மருத்துவ நூலோர் கூறுவர். இவ்விதியை மலைநாட்டு மக்கள் தம் வழிபாட்டு மரபிலேயே பொதிந்து வைத்துள்ளனர் போலும். பனிக்காலத்தில் கேதாரக் கோயில் மூடப்படுகின்றது. அப்போது இறைவனின் உற்சவத் திருமேனி கீழே உகீமடத்து ஓங்காரேசுவரர் கோயிலுக்கு எழுந்தருள்கின்றது. பனி விலகியதும் அத்திருமேனி பல்லக்கில் மீண்டும் மலையேறும். அப்பல்லக்கு ஒரே நாளில் கேதாரத்தை அடைவதில்லை. குப்தகாசியில் ஓரிரவு, பாட்டாவில் ஓரிரவு, கௌரிகுண்டத்தில் ஓரிரவு என்று தங்கித் தங்கியே செல்கின்றது. மலைக்கு உரியவனாகிய இறைவனே இவ்வாறு படிப்படியாக ஏறுகின்றான் என்றால், சமவெளியிலிருந்து செல்லும் அடியார் விரைதல் தகுமோ?

இனிப் பயணத்தைத் திட்டமிடும் முறையைக் காண்போம். முதலாவது, காலம். கங்கோத்திரியும் யமுனோத்திரியும் அட்சய திருதியை நாளில் திறக்கப்படுகின்றன. கேதாரம் திறக்கும் நாள் மகாசிவராத்திரியிலும், பதரி திறக்கும் நாள் வசந்த பஞ்சமியிலும் கணித்து அறிவிக்கப்படும். கேதாரம் தீபாவளியை அடுத்து வரும் யமதுவிதியை நாளில் மூடப்படும். ஆகவே ஆண்டில் ஏறக்குறைய ஆறு திங்களே வழிபாட்டுக் காலம். மே, சூன் திங்களில் கூட்டம் மிகும். சூன் இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையில் பெய்யும் மழையால் மண்சரிவுகள் நேர்ந்து வழிகள் அடைபடும். மழை ஓய்ந்த பின்னர், செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் வானம் தெளிந்து, கூட்டமும் குறைந்திருக்கும். குளிர் மட்டும் கடுமையாகும்.

இரண்டாவது, உடல்நிலை. நெஞ்சு நோய், மூச்சு நோய், குருதிக் கொதிப்பு, நீரிழிவு உடையோரும், கருவுற்ற மகளிரும் புறப்படும் எண்ணம் தோன்றியவுடனே மருத்துவரைக் கண்டு அவர் சொற்படி நடத்தல் வேண்டும். மற்றையோரும் இரண்டு திங்கள் முன்னதாகவே நாள்தோறும் விரைந்து நடந்து பழகுதல் நன்று. பழனி மலைப் படிகளோ, திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைப் படிகளோ அருகில் உள்ளவர்க்கு அவையே சிறந்த பயிற்சிக்களம். எனினும் இப்பயிற்சி கால்களையும் நெஞ்சையும் வலுப்படுத்துமேயன்றி, உயரத்திற்கு உடலைப் பழக்காது என்பதை மறத்தலாகாது. உயரத்திற்கு உடல் உயரத்திலேதான் பழகும்.

மூன்றாவது, நாள்வகுப்பு. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தார் புறப்படுவதாகக் கொள்வோம். அவருள் அறுபத்தைந்து அகவை நிரம்பிய பாட்டியும், கல்லூரியில் பயிலும் பேரனும் உள்ளனர். பேரன் வகுத்த திட்டம் விரைவுத் திட்டம். முதல் நாள் விமானத்தில் தில்லி; இரண்டாம் நாள் வண்டியில் குப்தகாசி; மூன்றாம் நாள் ஹெலிகாப்டரில் கேதாரம். பணம் மிகுதியாயினும் நாள் மிச்சம் என்பது அவன் கணக்கு. ஆனால் அக்கணக்கில் பாட்டியின் மூச்சுக்கு இடமில்லை. சமவெளியில் வாழ்ந்த உடல் மூன்றாம் நாளே 3,583 மீட்டர் உயரத்தில் நிற்க நேரும்.

ஊரில் முன்னரே அத்தலங்களுக்குச் சென்று வந்த பெரியவர் ஒருவர் இருப்பின் வேறு திட்டம் வகுப்பார். முதலில் அரித்துவாரத்தில் ஒரு நாள் தங்கல். பின்னர் பர்கோட்டில் ஓரிரவு. 2,600 மீட்டர் அளவு உயரமுள்ள ஜானகிசட்டியில் ஓரிரவு. மறுநாள் அங்கிருந்து சில கிலோமீட்டர் ஏறி யமுனோத்திரியை வணங்கிவிட்டு, அன்றே ஜானகிசட்டிக்கு இறங்கி உறங்குதல். அடுத்து உத்தரகாசியில் தங்கி இளைப்பாறி, ஹர்சில் சென்று ஓரிரவு கழித்து, கங்கோத்திரியைத் தொழுது மீண்டும் கீழே வருதல். பகலில் உயர ஏறி இரவில் தாழ்ந்த இடத்தில் உறங்கும் இம்முறையால் உடல் சிறிது சிறிதாகப் பழகும். அதன்பின் குப்தகாசியில் ஒரு நாளும், கௌரிகுண்டத்தில் ஓரிரவும் தங்கிக் கேதாரம் ஏறுதல். இறுதியில் ஜோஷிமடம் வழியாகப் பதரி. மேற்கிலிருந்து கிழக்காக, யமுனோத்திரி, கங்கோத்திரி, கேதாரம், பதரி என்று முன்னோர் வகுத்த வரிசையும் இதுவே. இதற்குப் பதினாறு நாள் வேண்டும். வழியடைப்பு நேருமாயின் பொறுத்திருப்பதற்கென மேலும் இரண்டு நாளை அப்பெரியவர் சேர்த்து வைப்பார். மீளும் இரயிலுக்கு மலையிறங்கும் நாளிலேயே சீட்டெடுத்தவர், வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் மழையிலும் இருளிலும் மலைவழியில் விரைய நேரும். பல விபத்துகளுக்கு அவ்வவசரமே வித்து.

கேதாரம் ஏறும் நாள் அனைத்தினும் கடினமானது. கௌரிகுண்டம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆதலின் ஒரே பகலில் ஏறத்தாழ 1,600 மீட்டர் ஏற வேண்டியுள்ளது. விடியலில் புறப்பட்டு, பேச்சு இடையறாது வரும் அளவுக்கு மெல்ல நடத்தல் வேண்டும். மூச்சிரைத்துப் பேச்சு அறுபடுமாயின், நடையைத் தளர்த்த வேண்டும் என்பது பொருள். இயன்றவர் வழியிடையே லிஞ்சோலி போன்ற இடத்தில் ஓரிரவு தங்கிச் செல்வது இன்னும் நன்று. கோயிலை அடைந்த அன்று ஓடியாடுதலும், அங்குமிங்கும் ஏறி இறங்குதலும் ஆகா.

நான்காவது, உடையும் உணவும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய ஆறரைப் பாகை வெப்பம் குறையும். ஆதலின் சமவெளியில் வெயில் காயும் நாளிலும் மேலே குளிர் நடுக்கும். பருத்தித் துணி நனைந்தால் எளிதில் உலராது. உடலின் சூட்டையும் கவர்ந்துவிடும். மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணிந்து, மேலே கம்பளி உடையும் மழையங்கியும் கொள்வதே தக்கது. காது மூடும் குல்லாய், கையுறை, வழுக்காத அடியுடைய காலணி, ஊன்றுகோல், கைவிளக்கு, அன்றாடம் உண்ணும் மருந்துகள் ஆகியன இன்றியமையாதன. புதுக்காலணியை மலையில் முதன்முதல் அணிவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதாகும். மலையில் பசி மந்திக்கும், தாகமும் தோன்றாது. ஆயினும் எளிய உணவைச் சிறிது சிறிதாக உண்டு, அடிக்கடி நீர் பருகுதல் வேண்டும். மதுவும் புகையும் மூச்சுக்குப் பகை. விரதம் மேற்கொண்டோர் ஏறும் நாளில் வெறும் வயிற்றோடு நடத்தலைத் தவிர்ப்பது நன்று.

ஐந்தாவது, அரசின் விதிகள். உத்தராகண்ட அரசு இந்நான்கு தலங்களுக்கும் வருவோர் முன்னதாகவே பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என விதித்துள்ளது. வானிலை பொல்லாததாயின் காவலர் வழியில் தடுத்து நிறுத்துவர். அத்தடையைத் தொல்லையெனக் கருதிச் சினத்தல் கூடாது. அது ஏன் ஏற்பட்டது என்பதை 2013 ஆம் ஆண்டு கற்பித்தது.

அவ்வாண்டு சூன் 16, 17 ஆகிய நாள்களில் கேதாரப் பகுதியில் பெருமழை பொழிந்தது. கோயிலுக்கு மேலே பனியாற்றின் அருகிருந்த சோராபாரி ஏரி உடைந்தது. நீரும் மண்ணும் பாறையும் ஒன்றாய்த் திரண்டு ஊரின்மேல் பாய்ந்தன. வழியிடை இருந்த ராம்பாரா என்னும் தங்கிடம் இருந்த இடம் தெரியாமல் அழிந்தது. வெள்ளத்தோடு உருண்டு வந்த பெரும் பாறையொன்று கோயிலின் பின்புறத்தே நின்று, வெள்ளத்தை இருபுறமும் பிளந்து விட்டது; கோயில் நிலைத்து நின்றது. ஆயினும் அம்மாநிலத்தில் அவ்வெள்ளத்தில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஐயாயிரவர்க்கும் மிகுதி. அவருள் பலர் வழிபாட்டுக்கு வந்தவர். பின்னர் மந்தாகினியின் மறுகரையில் புதுவழி சமைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு 5 ஆம் நாள், கங்கோத்திரி செல்லும் வழியில் உள்ள தராலி என்னும் ஊரையும் சேற்றுவெள்ளம் மூடியது. இமயம் உறுதியானதாகத் தோன்றினும் அதன் சரிவுகள் நெகிழ்ந்தவை. அங்குச் செல்வோர் குப்பையை எறியாமலும், ஆற்றின் ஓரத்தை ஆக்கிரமியாமலும், எச்சரிக்கையை மதித்தும் ஒழுகுதல் தம் உயிர்க்கும் பிறர் உயிர்க்கும் அரணாகும்.

இத்தனை முறையாகத் திட்டமிட்டுச் சென்றாலும், கோயில் கண்ணுக்கு எட்டும் தொலைவில் திரும்ப நேர்தல் உண்டு. மழை தடுக்கும், அல்லது உடல் மறுக்கும். திட்டத்தின் கடைசிப் பகுதி இதுவே: யார் நோயுற்றால் யார் உடன் இறங்குவது என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்தல் வேண்டும். மலைமீது அதைப் பேசத் தொடங்கினால், ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்னும் ஒரு சொல் அறிவை மறைத்துவிடும். ‘எனக்காக நீங்கள் திரும்ப வேண்டா’ என்று பாட்டி தம் தலைவலியை மறைப்பார். உடன் செல்வோர் அவர் சொல்லை நம்பாது, அவர் முகத்தையும் நடையையும் பார்த்து அறிதல் வேண்டும்.

அவ்வாறு திரும்புவது பத்திக்கு இழுக்காகுமோ? தமிழர்க்கு இவ்வினாவுக்கு விடை சொல்ல வேறெவரும் வேண்டுவதில்லை. சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதாரத்தைக் காளத்தியிலிருந்தபடியே நினைந்து பாடினர் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. திருநாவுக்கரசரோ கயிலையைக் கண்டே தீர்வதென முதுமையில் வடக்கு நோக்கி நடந்தார். கால்கள் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்தார். அவையும் தேயவே மார்பினால் உந்தினார். பின்னர்ப் புரண்டும் சென்றார். அப்போது முனிவர் வடிவில் தோன்றிய இறைவன், திரும்புமாறு கூறினான். அடிகள் முதலில் மறுத்தார். பின்னர் இறைவன் ஆணைப்படி அருகிருந்த பொய்கையில் மூழ்கி, திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார் என்பது அவ்வரலாறு. தேய்ந்த உடலை மேலும் தேய்ப்பதை இறைவன் விரும்பவில்லை. தன் காட்சியைக் காவிரிக்கரைக்கே கொண்டுவந்தான்.

கேதாரம் ஏற இயலாதார்க்கும் ஒரு வழி உண்டு. குளிர்காலத்தில் கேதாரநாதரை உகீமடத்தில் வழிபடலாம். அவ்வூர் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது, வண்டியிலேயே அடையலாம். பனி மூடும் காலத்தில் இறைவனே இறங்கி வந்து அங்கே வீற்றிருக்கின்றான். ஆதலின் மலைவழியில் இறங்கி வருவாரைக் கண்டு தோற்றவர் என எண்ணுதல் தவறு. கால் தாங்கும் அகவையில் புறப்படுக, நாள் கூட்டிச் செல்க, மெல்ல ஏறுக, உடல் மறுத்தால் அஞ்சாது இறங்குக. புறப்பட்டவர் அனைவரும் ஒருவர் குறையாமல் வீடு திரும்பிய பயணமே நிறைந்த பயணமாகும்.